தீப்பெட்டி இரவல்

உலகத்தில் எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், அந்நாட்டார் எண்ணிச் சிரிப்பதற்கென்று ஒரு மூடர் கிராமத்தைக் கற்பித்து வைத்திருப்பர். இங்கிலாந்தில் அதற்குக் கோத்தம் என்று பெயர், ஜெர்மனியில் ஷில்டா, வடகோடியிலுள்ள பின்லாந்து தேசத்தில் ஹொல்மொலா. நம் தமிழில் கிராமத்திற்குப் பதிலாக ஒரு மடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் படைத்த பரமார்த்த குருவும் அவருடைய சீடர் ஐவரும் அங்கே குடியிருக்கின்றனர்.

ஹொல்மொலா வாசிகள் ஒரு வீடு கட்டினார்களாம். கட்டி முடித்த பிறகு பார்த்தால் உள்ளே ஒரே இருட்டு. சன்னல் வைக்க மறந்துவிட்டனர். உடனே வெயிலில் சாக்குகளை விரித்துப் பிடித்து, வெளிச்சத்தை அள்ளி, வாயை இறுகக் கட்டி, வீட்டிற்குள் கொண்டுபோய்க் கொட்டினார்கள். எத்தனை சாக்குக் கொட்டியும் இருட்டுக் குறையவில்லை. அவ்வழியே வந்த மத்தி என்னும் சூட்சுமக்காரன் கூலி பேசிக்கொண்டு சுவரில் ஒரு துளை வெட்டிக் கொடுத்தான். வெளிச்சம் வந்தது. அவன் போன பிறகு, 'ஒரு துளைக்கே இவ்வளவு வெளிச்சமானால்!' என்று மகிழ்ந்து எல்லாச் சுவர்களையும் வெட்டினார்கள், வீடு விழுந்தது. அதே ஊரார், போர்வை நீளம் போதாமல் கால் வெளியே தெரிகிறதென்று, போர்வையின் ஒரு முனையில் வெட்டி மறுமுனையில் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

இக்கதைகளைக் கேட்டு நானும் சிரித்தவன்தான். ஆனால் தோட்டத்து லயத்தில் பிறந்து பட்டணத்தில் பிழைப்பவனுக்கு இச்சிரிப்பிலே ஒரு சங்கடம் உண்டு. சிரிப்பவர் எப்போதும் பட்டணத்தில் இருக்கிறார்; சிரிக்கப்படுபவன் எப்போதும் காட்டுப்புறத்தில் இருக்கிறான். நான் இரண்டு இடத்திலும் இருந்தவன். ஆகையால் எந்தப் பக்கம் நின்று சிரிப்பது என்பது எனக்கு நெடுநாளாகத் தீராத கேள்வி. அதற்கு விடைபோன்ற ஒன்று, சிறிது காலத்திற்கு முன், நான் சற்றும் எதிர்பாராத ஒரு பின்லாந்துக் கதையிலிருந்து கிடைத்தது. அதனையே இங்கு எழுத விழைகின்றேன்.

நண்பர் ஒருவர் வீட்டில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடி ஒரு படக்காட்சி பார்த்தோம். 'தீக்குச்சி இரவல் வாங்கப் போனது' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். மாயு லஸ்ஸிலா என்ற பெயரில் 1910ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பின்னிய நாவலே அதன் மூலம். அந்நாவல் 1938ஆம் ஆண்டிலேயே ஒருமுறை பின்லாந்தில் படமாயிற்று. நாங்கள் பார்த்தது 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்லாந்துக்காரரும், அக்காலத்தில் சோவியத் நாடாயிருந்த அண்டை நாட்டாரும் கூடி எடுத்த வண்ணப்படம். லியோனித் கைதாய், ரிஸ்தோ ஓர்க்கோ என்னும் இருவர் அதனை இயக்கியுள்ளனர். கதாநாயகனாக நடித்த எவ்கேனி லியோனவ் குள்ளமும் பருமனும் உருண்டை முகமும் உள்ளவர். அவர் ஒன்றும் பேசாமல் கண்ணைச் சிமிட்டினாலே நமக்குச் சிரிப்பு வரும்.

கதை இதுதான். பின்லாந்தின் கிழக்கே கரேலியப் பகுதியில் லிப்பெரி என்றொரு நாட்டுப்புறம். அங்கே இஹாலைனன் என்னும் குடியானவன் ஒருவன் தன் மனைவி அன்னா-லீசாவோடு வாழ்கிறான். ஒரு நாள் வீட்டிற்கு அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள். வந்தவருக்குக் காப்பி கொடாமல் அனுப்புவது அந்நாட்டு வழக்கமன்று. ஆனால் அடுப்பு மூட்டத் தீக்குச்சி இல்லை. 'ஹூவாரினன் வீட்டிற்குப் போய் நாலு குச்சி வாங்கி வா' என்று மனைவி சொல்ல, கணவன் புறப்படுகிறான். அவ்வளவுதான், அந்தக் காப்பிக்கு அடுப்பு மூளவேயில்லை.

வழியிலே வாத்தனன் என்னும் பழைய சிநேகிதன் எதிர்ப்படுகிறான். மனைவியை இழந்தவன், மறுமணம் செய்துகொள்ள ஆசையுள்ளவன், தானே போய்ப் பெண் கேட்கக் கூச்சமுள்ளவன். ஹூவாரினன் வீட்டில் அன்னா-காயிசா என்று ஒரு பெண் இருக்கிறாள். இஹாலைனன் அங்கேதான் போகிறான். 'எனக்காக ஒரு வார்த்தை கேட்டு வா' என்கிறான். தீக்குச்சிக்குப் போனவன் பெண் கேட்கும் தூதனாகிவிடுகிறான். அங்கே போய் உட்கார்ந்து, ஊர்ப்பாடு, மாட்டுப்பாடு எல்லாம் பேசி, வளைந்து வளைந்து ஒருவாறு பெண் விஷயத்திற்கு வருகிறான். தீக்குச்சி மட்டும் மறந்துபோகிறது. பிறகு நண்பர் இருவரும் யோவென்சூ என்னும் பட்டணத்திற்கு வண்டி கட்டிக்கொண்டு போகின்றனர். மதுவை விட்டு நெடுங்காலமாகியும் புட்டி மீண்டும் கைக்கு வருகிறது. அதன் பின் நேரும் குழப்பங்களைச் சொன்னால் படம் பார்ப்பவருக்குச் சுவை கெடும்; ஆகவே விடுகிறேன்.

இங்கே ஊரில் என்ன நடக்கிறது? காலையில் தீக்குச்சிக்குப் போன மனிதன் திரும்பவில்லை. 'இருவரும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள்' என்று ஒரு வதந்தி கிளம்புகிறது. அடுத்து, 'செத்தே போய்விட்டார்கள்' என்று இன்னொன்று. வாய்க்கு வாய் வளர்ந்து அது உறுதிப்படுகிறது. அன்னா-லீசா அழுகிறாள், அழுதுகொண்டிருக்கும்போதே, முன்னொரு காலத்தில் அவள்மேல் நாட்டம் வைத்திருந்த கெனோனன் என்னும் தையற்காரன், கலியாணப் பேச்சோடு வந்து நிற்கிறான்.

இவ்வதந்தியைக் கேட்டு எங்கள் கூட்டத்தில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தனர். எனக்கோ அது அத்தனை மூடத்தனமாகத் தோன்றவில்லை. ஏனெனில், முதல் உலக யுத்தத்திற்கு முந்திய ஐம்பது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 3 லட்சம் பின்னியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அந்நாட்டின் மொத்த ஜனத்தொகை அப்போது 30 லட்சம் அளவேயாகும். காலையில் இருந்தவன் மாலையில் இல்லாமற்போவது அங்கே நடவாத காரியமன்று. கடல் கடந்தவனைப் பற்றி வரும் செய்தியை நம்புவதைத் தவிர, பின்னால் நின்றவளுக்கு வேறு வழியும் இல்லை. கப்பலேறிய குடும்பத்தின் வழிவந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மற்றொன்றும் கவனித்தேன். கைம்பெண்ணானதாக எண்ணப்பட்டவள் மறுமணம் செய்துகொள்ளப் போகிறாளே என்று அவ்வூரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மனைவியை இழந்த வாத்தனன் எவ்வளவு இயல்பாகப் பெண் தேடுகிறானோ, அவ்வளவு இயல்பாக அன்னா-லீசாவும் தையற்காரனின் பேச்சைக் காதில் வாங்குகிறாள். கதை சிரிப்பதெல்லாம் அவசரத்தைப் பார்த்து, மறுமணத்தைப் பார்த்தன்று. நூறாண்டுக்கு முந்திய ஒரு கிராமத்துக் கேலிக்கதையில் இந்த நியாயம் இருக்கக் கண்டு வியந்தேன். ஆனால் புட்டியைக் கண்டு மற்றவர் சிரித்ததுபோல் என்னால் சிரிக்க முடியவில்லை. சம்பள நாள் மாலையில் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற காட்சியைக் கண்டவன் நான். பின்னியர்களும் இத்தொல்லையை அறியாதவரல்லர். 1919 முதல் 1932 வரை அந்நாட்டில் மதுவிலக்குச் சட்டமே இருந்தது.

இவை நிற்க. படத்தில் என்னை உலுக்கிய இடம் வேறு. அது எல்லோரும் அதிகமாகச் சிரித்த இடம். இஹாலைனன் ஹூவாரினன் வீட்டில் உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சொல்லாமல், வேறு வேறு பேச்சாகப் பேசிக்கொண்டே இருக்கிறானே, அந்த இடம். கூடியிருந்தவரில் ஓர் இளைஞர், 'என்ன முட்டாள் ஐயா இவன்! தீக்குச்சி வேண்டும் என்று கேட்க ஒரு வாய் போதாதா?' என்றார். அறை முழுதும் சிரித்தது. எனக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ அடைத்தது. ஏனென்றால், அந்த இளைஞர் கேட்ட கேள்வியை ஒரு காலத்தில் நானே கேட்டுக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

1961ஆம் ஆண்டில் எனக்கு வயது பன்னிரண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துப் பட்டணத்துப் பள்ளியில் சேரவேண்டிய வேளை. ஒரு நாள் மாலை என் தந்தையார் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிராணி வீட்டிற்குப் போனார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளி சுமந்து வந்த மனிதர். அந்தச் சட்டை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போடுவது. கிராணி வீட்டுப் படியில் அவர் உட்கார்ந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

'மழை விட்டிருச்சுங்களே ஐயா,' என்று தொடங்கினார் அப்பா. மழையிலிருந்து மரத்திற்கு வந்தார். மரத்திலிருந்து பால் விலைக்கு. அதிலிருந்து கிராணியார் வீட்டுப் பசுவுக்கு. பசுவிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கத்துப் பசுக்களுக்கு. கிராணியாரும் நல்ல மனிதர். அவரும் தம் வீட்டுச் செய்தியெல்லாம் பேசினார். இருட்டிவிட்டது, விளக்கு ஏற்றினார்கள். கடைசியில் கிராணியார், 'சரி, வந்த காரியம் என்னப்பா?' என்று கேட்டார். அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, 'ஒண்ணுமில்லீங்க ஐயா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்,' என்றார். நாங்கள் திரும்பிவிட்டோம்.

இந்தக் கதையைப் பட்டணத்துப் பள்ளியில் நான் ஒரு கூத்தாகவே ஆக்கிக்கொண்டேன். அப்பாவைப்போல் படியில் குந்தி, அவர் குரலில் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசி, இறுதியில் துண்டை உதறி, 'சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்' என்பேன். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தோட்டத்துப் பையன் என்று ஒதுக்கியவர்கள்கூட அதைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பட்டணத்தில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது அந்தக் கூத்துத்தான். 1974இல் என் திருமணத்தன்று இரவு, பழைய நண்பர்கள் வற்புறுத்த, பந்தலிலே அதனை ஆடிக் காட்டினேன். ஆடி முடித்துத் திரும்பினால், பந்தற்கால் ஓரத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவரும் சிரித்தார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். 'பரவாயில்லை, ரசிக்கிறார்' என்றே எண்ணினேன்.

1983இல் அவர் காலமானார். காரியமெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்த ஒரு நாள், பேச்சோடு பேச்சாக அம்மா அந்தக் கிராணி வீட்டு மாலையைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கு அப்பா போனது முப்பது வெள்ளி கடன் கேட்க. என் பள்ளிச் சட்டைக்கும் புத்தகத்திற்கும் பஸ் காசுக்குமாக. கேட்கத்தான் போனார். ஆனால் பேச்சு வாக்கில் கிராணியார், தம் தங்கையின் கலியாணத்திற்கென்று கையிலிருந்ததையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாராம். 'இல்லை என்று சொல்ல அந்த மனுசன் எவ்வளவு கூசிப்போயிருப்பார். அந்தச் சங்கடத்தை நான் எதற்குக் கொடுக்கணும்?' என்று அப்பா அன்றிரவு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் அம்மாவின் தோடுகள் அடகுக்குப் போயின. அவை மீளவேயில்லை.

கிராணியார் தங்கையைப் பற்றிச் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன். அந்த வார்த்தை என் நினைவில் இல்லை. என் கூத்திலும் அது இல்லை. மழை இருந்தது, மாடு இருந்தது, துண்டை உதறியது இருந்தது. எல்லாவற்றிற்கும் காரணமாயிருந்த ஒரு சொல் மட்டும் இல்லை.

அன்பர்களே, அந்தப் பேச்சுக்கு இப்போது எனக்கு அர்த்தம் தெரிகிறது. கையில் இல்லாதவன் கையில் இல்லாதவனிடம் கேட்கப் போகும்போது, நேரே கேட்டுவிட்டால் எதிரே உள்ளவன் 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ சொல்லியே தீரவேண்டும். 'இல்லை' என்பது நாளைக்கும் முகத்தில் விழிக்கவேண்டிய இருவருக்கிடையே ஒரு முள். ஆகவே மழையையும் மாட்டையும் முன்னே அனுப்பி, அந்த வீட்டின் நிலை என்னவென்று மெல்லத் தெரிந்துகொண்டு, இடமிருந்தால் கேட்பது, இல்லாவிட்டால் 'சும்மா வந்தேன்' என்று எழுந்துவிடுவது. கேட்டவனுக்கும் மானம் போகவில்லை. கொடாதவனுக்கும் மானம் போகவில்லை. லிப்பெரி கிராமத்து இஹாலைனன் பெண் கேட்கப் போய் வளைந்து வளைந்து பேசியதும் இதே முறைதான். பெண் வீட்டார் 'இல்லை' என்று சொல்லும் நிலை வராமலே விஷயத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறான். பட்டணத்தில் காசைக் கொடுத்துத் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு முகம் பாராமல் போகிறவனுக்கு அந்த வித்தை தேவையில்லை. தேவையில்லாததால் அது அவனுக்கு மூடத்தனமாகத் தெரிகிறது.

அப்படியானால் இந்தக் கதையை எழுதியவரும் குடியானவர்களைக் கேலி செய்யத்தான் எழுதினாரா? இதனை அறிய விரும்பித் தேடிப் படித்தேன். மாயு லஸ்ஸிலா என்பது பெண் பெயர். ஆனால் எழுதியவர் ஆண். அல்கோட் உந்தோலா என்பது அவர் பெயர். 1868ஆம் ஆண்டில் கரேலியப் பகுதியில் தோஹ்மாயார்வி என்னும் ஊரில், எளிய குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பள்ளிகளில் போதித்தவர். பல புனைபெயர்களில் எழுதினார். அவற்றுள் ஒன்று வாத்தனன் என்பது! தம் கதையில் பெண் கேட்கக் கூசி நின்று, புட்டிக்கு மயங்கி, ஊர் சிரிக்க நடந்தவனுடைய குடும்பப் பெயரைத் தமக்கே வைத்துக்கொண்ட எழுத்தாளர் அவர். மேலே நின்று சிரிக்கிறவன் இதைச் செய்யமாட்டான். அந்நாவலின் பெரும்பகுதியும் அம்மக்களின் பேச்சாகவே அமைந்திருப்பதும் இதனாற்போலும்.

அந்நாட்டில் இதற்கு முன்னும் இவ்வழக்கு நடந்திருக்கிறது. அலெக்ஸிஸ் கிவி என்பவர் 1864இல், நாட்டுப்புறச் செருப்புத் தைப்பவர் குடும்பம் ஒன்றை வைத்து ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். மாப்பிள்ளைக் கோலத்தோடு பெண் வீட்டிற்குப் போன எஸ்கோ, அங்கே அப்பெண்ணுக்கும் வேறொருவனுக்கும் கலியாணம் நடப்பதைக் காண்பான். அது 1923இல் ஊமைப்படமாகவும் வந்தது. அவரே 1870இல் 'ஏழு சகோதரர்கள்' என்ற நாவலை வெளியிட்டபோது, ஆகுஸ்ட் ஆல்க்விஸ்ட் என்னும் பேராசிரியர், பின்னிய மக்கள் இப்படிப்பட்டவரல்லர் என்று சீறினார். கற்றவருக்குக் குடியானவன் சித்திரத்தில் எழுதியதுபோல் உத்தமனாக நிற்கவேண்டும். கிவிக்கோ அவன் சண்டையிட்டுத் தடுமாறிச் சிரிப்பு மூட்டும் மனிதனாக இருந்தால் போதும். கிவி 1872இல் வறுமையிலும் நோயிலும் மாண்டார். இன்று அந்நாடு அவரையே தன் தேசிய எழுத்தாளராகப் போற்றுகிறது.

உந்தோலாவின் முடிவு இன்னும் கொடியது. 1918இல் பின்லாந்தில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஒருபுறம் தொழிலாளரும் நிலமற்றோரும் சேர்ந்த செஞ்சேனை, மறுபுறம் வெண்சேனை. சில மாதத்திற்குள் 36,000 பேருக்கு மேல் மாண்டனர். உந்தோலா 'துயோமியேஸ்', அதாவது 'தொழிலாளி' என்னும் பத்திரிகையில் எழுதிவந்தார். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ஹெல்சிங்கி நகரம் வீழ்ந்த பிறகு அவர் கைதானார். மே 21ஆம் தேதி, மரண தண்டனைக்காகச் சந்தஹமினா தீவிற்குக் கொண்டுபோகப்படும் வழியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது ஐம்பது ஆகவில்லை. செத்துப்போனதாக ஊரார் நம்பியவனை உயிரோடு கதைக்குள் நடமாட விட்டுச் சிரிக்கவைத்த மனிதர் அவர். அவரைப் பற்றி வந்த மரணச் செய்தியோ வதந்தியாக இல்லை.

சென்ற விடுமுறையில் என் பேரக்குழந்தைகள் வந்திருந்தனர். அவர்களுக்கு அந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, எத்தனையோ ஆண்டுக்குப் பிறகு, கிராணி வீட்டுக் கூத்தையும் ஆடிக் காட்டினேன். மழை, மரம், பால் விலை, பசு. இம்முறை கிராணியாரின் தங்கை கலியாணத்தையும், அதைக் கேட்டதும் அப்பா பேச்சை மாற்றியதையும் சேர்த்துக்கொண்டேன். துண்டை உதறியபோது குழந்தைகள் சிரித்தனர், நானும் சிரித்தேன். சிரிக்கத் தகுந்ததுதானே அது!

சின்னவன் மட்டும் என் துண்டைப் பிடித்து இழுத்து, 'தாத்தா, உங்கள் அப்பா எவ்வளவு கேட்கப் போனார்?' என்றான்.

'முப்பது வெள்ளி' என்றேன்.

'அவ்வளவுதானா?' என்று கேட்டவன், சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.